அக்காகிட்ட கேளுங்க: முள்ளு நகராத நாலு மாசம்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதி உடம்பு எடை பத்தித்தான். ரொம்ப மனசொடஞ்சு எழுதியிருந்த ஒருத்தங்களுக்கு மொதல்ல பதில் எழுதறேன், அது கொஞ்சம் நீளம், மத்தவங்க பொறுத்துக்கணும்.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, ரங்கூன்ல ஆறாவது மாடில வீடு. போன வருஷம் திஞ்ஜான் (பர்மா புது வருஷ தண்ணித் திருவிழா) முடிஞ்சப்போ 182 பவுண்டு இருந்தேன், சுகர் வர்ற எல்லைல நிக்குதுன்னு டாக்டர் சொன்னாங்க, பயந்துபோயி ஆரம்பிச்சேன். ஏழு மாசத்துல 158க்கு வந்துட்டேன். அதுக்கப்புறம் நாலு மாசமா ஒரு பவுண்டு கூட எறங்கல, அதே சாப்பாடு அதே நடைதான். பாக்கறவங்க எல்லாம் "பெய்ன்துவாதே (மெலிஞ்சுட்டியே), உடம்புக்கு என்ன"ன்னு கேக்கறாங்க, மாமியார் "மூஞ்சி ஒட்டிப்போச்சு, போதும் விடு"ங்கறாங்க. இப்ப எனக்கே ஆர்வம் போயிடுச்சு, மெஷின்ல ஏறவே பிடிக்கல. பழைய ஆர்வத்த எப்பிடி வரவெக்கிறது? — ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: தங்கச்சி, நீங்க தோத்துப்போன மாதிரி எழுதியிருக்கீங்க, எனக்கு படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. கணக்கு பாருங்க, 182லேந்து 158ன்னா 24 பவுண்டு, உங்க எடைல 13 சதவீதம். சுகர் வர்ற நெலமைல இருந்த 3,000 பேருக்கு மேல வெச்சு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, முடிவு 2002ல வந்துச்சு, அதுல ஒரு குழுவுக்கு குடுத்த இலக்கு எடைல 7 சதவீதம் கொறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கற மாதிரி உடம்ப அசைக்கணும், அவ்வளவுதான். சும்மா இருந்தவங்கள விட அவங்களுக்கு சுகர் வர்றது 58 சதவீதம் கொறஞ்சுச்சு. நீங்க அந்த 7 சதவீதத்த எப்பவோ தாண்டிட்டீங்க. டாக்டர்கிட்ட போயி சுகர், பிரஷர் ரெண்டையும் இன்னொரு தடவ பாருங்க, மெஷின் சொல்லாதத அந்த ரிப்போர்ட் சொல்லும்.

இப்ப ஏன் நின்னுபோச்சுங்கறதுக்கு வருவோம். உங்க மேல தப்பு ஏதும் இல்ல. 182 பவுண்டு ஒடம்ப தூக்கிக்கிட்டு நடக்கறதுக்கு ஆன செலவு 158 பவுண்டு ஒடம்புக்கு ஆகாது. அமெரிக்காவுல கெவின் ஹால்னு ஒரு விஞ்ஞானி, அவரு குழு 2011ல ஒரு கணக்கு போட்டுக் குடுத்தாங்க, எறங்குன ஒவ்வொரு பவுண்டுக்கும் நாளுக்கு சுமார் 10 கலோரி கம்மியா சாப்பிட்டாத்தான் எறங்குன எடத்துல நிக்க முடியும்னு. உங்களுக்கு 24 பவுண்டு, அப்ப நாளுக்கு 240 கலோரி. அத நீங்க ஏற்கனவே கொறச்சுத்தான் சாப்பிடறீங்க, அதனாலதான் எடை ஏறாம நிக்குது, ஆனா ஆரம்பத்துல சாப்பாட்டக் கொறச்சது உங்கள கீழ இழுத்துச்சு, இப்ப அந்தக் கொறச்சல் உங்கள பிடிச்சுவெக்கறதுக்கே சரியாப் போயிடுது. போதாததுக்கு கொழுப்பு கொறஞ்சா லெப்டின்னு ஒரு ஹார்மோனும் கொறையும், அது கொறஞ்சா மூளை பசிய ஏத்திவிடும். 2011ல ஆஸ்திரேலியாவுல பாத்த ஆராய்ச்சில, எடை கொறச்சு ஒரு வருஷம் ஆனவங்களுக்குக் கூட பசி ஹார்மோனுங்க பழைய நெலமைக்கு வரல. அதனால பசிக்குது, எரிச்சலா வருது, விட்டுடலாம்னு தோணுதுன்னா அது மனசு பலவீனம் இல்லம்மா, ஒடம்பு தன்ன காப்பாத்திக்கிற வேலை.

அப்ப ஆர்வம்? மொத ஏழு மாசம் உங்களுக்கு ஆர்வம் குடுத்தது எதுன்னு யோசிச்சுப் பாருங்க, வாராவாரம் முள்ளு கீழ எறங்குச்சே, அதுதான். அதுதான் சம்பளம். இப்ப வேலைய நிறுத்தாம பாக்கறீங்க, ஆனா சம்பளம் நின்னுபோச்சு, யாருக்குத்தான் வேலைக்குப் போகத் தோணும்? அதனால பழைய ஆர்வத்தத் தேடாதீங்க, வேற எடத்துலேந்து சம்பளம் வாங்கிக்கோங்க. நான் அப்பிடித்தான் பண்ணேன்.

எனக்கும் இது நடந்துச்சு. 176லேந்து 145க்கு வந்து அப்பிடியே நின்னேன், அடுத்த வருஷம் அம்மா தவறிட்டாங்க, அந்த துக்கத்துல எல்லாத்தையும் விட்டேன், 12 பவுண்டு திரும்ப ஏறிடுச்சு. ஏறுனதே எனக்குத் தெரியல, ஏன்னா நான் கட்டுறது லுங்கி. பேண்ட்டு போடறவங்களுக்கு பட்டன் மாட்டாதப்போ புரிஞ்சிடும், லுங்கி எவ்வளவு பருத்தாலும் கோவிச்சுக்காது, சுத்தி சொருகிட்டுப் போயிட்டே இருக்கலாம். அப்பறம்தான் தையக்காரர்கிட்ட இருக்கற மாதிரி இஞ்ச் டேப் ஒண்ணு வாங்கி, மாசம் மொத ஞாயித்துக்கெழம காலைல தொப்புளுக்கு நேரா சுத்தி அளந்து காலண்டர்லயே எழுதிவெக்க ஆரம்பிச்சேன். எடை நின்ன மாசம் கூட அரை இஞ்சு கொறஞ்சிருந்துச்சு, அன்னிக்கி நான் அழுதுட்டேன்.

இன்னொண்ணு படி. உங்க வீடும் ஆறாவது மாடிங்கறீங்க, இங்க பழைய வீட்டுல எங்க லிஃப்ட் இருக்கு. நம்ம எல்லாரும் பால்கனிலேந்து கயிறு தொங்கவிட்டிருக்கோமே, கீழ கிளிப்பு, மேல மணி, கீரைக்காரம்மா வந்தா பைய மாட்டிவிட்டு இழுத்துக்கறது. அந்தக் கயித்த அரிசி மூட்டைக்கும் தண்ணிக் கேனுக்கும் மட்டும்னு வெச்சுக்கிட்டேன், கீரை, முட்டை, ரொட்டிக்கெல்லாம் நானே எறங்கி ஏறுவேன். ஆரம்பத்துல மூணாவது மாடி திருப்பத்துல செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அங்க பெயிண்ட் உரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கும், மூச்சு வாங்கிட்டு அதையேதான் பாத்துட்டு நிப்பேன். அப்பறம் நாலாவதுல நின்னேன், அப்பறம் ஒரு நாள் சாவி கைல இருக்க கதவுகிட்ட வந்து நின்னப்பத்தான் எங்கயும் நிக்காம வந்துட்டேன்னே தெரிஞ்சுச்சு. அதையும் காலண்டர்ல எழுதினேன். நீங்களும் எந்த மாடில நிக்கறீங்கன்னு எழுதுங்க, முள்ளு நகராத மாசத்துல அதுதான் உங்க சம்பளம். (முட்டி வலி இருந்தா எறங்கறத கம்மி பண்ணிக்கோங்க, ஏறறத விட எறங்கறதுதான் முட்டியப் பிடிக்கும்.)

என் யோசனை இதுதான், இன்னும் மூணு மாசத்துக்கு எடை கொறைக்கற எண்ணமே வேணாம், 158லயே நிக்கறதுதான் வேலைன்னு வெச்சுக்கோங்க. அமெரிக்காவுல 1994லேந்து ஒரு பதிவேடு வெச்சிருக்காங்க, 30 பவுண்டாவது கொறச்சு ஒரு வருஷமாவது ஏறாம பாத்துக்கிட்டவங்க மட்டும்தான் அதுல சேரலாம், 10,000 பேருக்கு மேல இருக்காங்க. அதுல முக்கால்வாசிப் பேரு வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பாக்கறாங்க, பத்துல ஒம்பது பேரு தெனமும் சுமார் ஒரு மணி நேரம் ஒடம்ப அசைக்கறாங்க. அதனால மெஷின தூக்கிப் போட்டுடாதீங்க, தெனம் வேணாம், வாரம் ஒரு நாள் ஏறுங்க.

மூணு மாசம் கழிச்சு இன்னும் எறங்கணும்னு தோணுச்சுன்னா சோத்துல கை வெக்காதீங்க, மொதல்ல டீயப் பாருங்க. கண்டென்ஸ்டு மில்க் ஒரு பெரிய ஸ்பூனு சுமார் 60 கலோரி, சோ செயின் டீ (இனிப்பும் பாலும் தூக்கலா போடற டீ) ஒரு கப்புல ரெண்டு ஸ்பூன் விழுந்துச்சுன்னா காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு, அதுவே 240. டீக்கடை மேஜைல காசில்லாம யேநுவேஜான் (பாலும் சக்கரையும் இல்லாத வெறும் டீத்தண்ணி) கூஜா வெச்சிருக்காங்கல்ல, பேசிக்கிட்டு உக்காரதுக்கு அது போதும். ரெண்டு டீல ஒண்ண விடுங்க, ஒண்ண வெச்சுக்கோங்க, ரெண்டையும் விட்டா பத்து நாள்தான் தாங்கும்.

மாமியார் மேல கோவப்படாதீங்கம்மா. 1964ல இங்க பர்மாவுல கடைங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னப்போ சின்னப் புள்ளையா இருந்த தலைமொற அது, அவங்களுக்கு மெலிஞ்ச ஒடம்புன்னா பசி, இல்ல நோவு. நம்மூர்ல "வலாதே, சதை போட்டுட்ட"ன்னா அது பாராட்டு, "பெய்ன்துவாதே"ன்னா கவலை. சுகர் ரிப்போர்ட்ட அவங்க கைலயே குடுங்க, போன வருஷத்தது ஒண்ணு இந்த வருஷத்தது ஒண்ணு, நம்பர காட்டி சொல்லுங்க. எங்க வீட்டு பெரியவங்க அதுக்கப்புறம் எனக்குன்னு தனியா எண்ணெய் கொறச்சு கறி எடுத்துவெக்க ஆரம்பிச்சாங்க.

கேள்வி: அக்கா, நான் ஜிம்முக்குப் போறேன், மழைகாலம் வந்தா ஒரு வாரம் விட்டுப்போகுது, அப்பறம் மறுபடி போகவே தோண மாட்டேங்குது. — தம்பி, பெகு

பதில்: தம்பி, மே மாசத்துலேந்து அக்டோபர் வரைக்கும் மழை, அத நம்பி ஒரு திட்டம் போட்டா பாதி வருஷம் போயிடும். மழைக்குன்னு வீட்டுக்குள்ளயே வேற ஒண்ணு வெச்சுக்கோ, பத்து நிமிஷம் தண்டால், உக்கி, கரண்ட் இல்லன்னாலும் செய்யலாம். லண்டன்ல ஒரு ஆராய்ச்சில பாத்தாங்க, ஒரு பழக்கம் தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் கணக்கு போச்சு, ஆனா நடுவுல ஒரு நாள் விட்டதால ஒண்ணும் கெட்டுப்போகல. அதனால ஒரு நாள் விட்டா மறுநாள் அஞ்சு நிமிஷமாவது செஞ்சிடு, ரெண்டு நாள் சேந்தாப்புல விடாத.

கேள்வி: கோவில் திருவிழா, கல்யாணம்னு ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டேன், மூணு பவுண்டு ஏறிடுச்சு. ஆறு வார உழைப்பு வீணாப் போச்சே? — அம்மா ஒருத்தங்க, மோல்மேன்

பதில்: போகலம்மா. ஒரு பவுண்டு கொழுப்பு சேரணும்னா சுமார் 3,500 கலோரி அதிகமா சாப்பிடணும், மூணு பவுண்டுக்கு 10,500, ரெண்டு நாள் பிரியாணி சாப்பிட்டு அவ்வளவு ஏத்தறது லேசுல முடியாது. சோத்தோட மாவுச்சத்து ஒடம்புல தங்கறப்போ தண்ணியையும் சேத்து பிடிச்சுவெக்கும், ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணி, ஊறுகா உப்பு வேற. நாலஞ்சு நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிடுங்க, பெரும்பாலும் எறங்கிடும். பட்டினி கெடக்காதீங்க, அதுவும் சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்களா இருந்தா சாப்பாட்ட விட்டா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரும், டாக்டர கேக்காம அந்த வேலையே வேணாம்.

கேள்வி: என் ஃப்ரெண்டு ஒரு மெலிய வெக்கிற காப்பிப் பொடி குடுத்தா, மூணு வாரத்துல 10 பவுண்டு எறங்குச்சு, ஆனா தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது. — வாசகி, ரங்கூன்

பதில்: இன்னிக்கே நிறுத்துங்க. இந்த மாதிரி பொடிங்கள்ல சிபுட்ராமின்னு ஒரு மருந்த சொல்லாம கலந்திருக்கறத பல நாட்டுல பரிசோதன பண்ணி கண்டுபிடிச்சிருக்காங்க, அது மாரடைப்பு, பக்கவாதம் வர்ற ஆபத்த கூட்டுதுன்னு 2010லயே ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் கடைலேந்து எடுத்துட்டாங்க. உங்களுக்கு இருக்கற படபடப்பும் தூக்கமின்மையும் அது செய்யற வேலை மாதிரியேதான் இருக்கு. மிச்சம் இருக்கற பாக்கெட்ட குப்பைல போடாம கைல எடுத்துக்கிட்டு நாளைக்கு காலைல டாக்டர போயி பாருங்க, ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க, ராத்திரியே நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டுனாலோ காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.