ஆய்வகம் இல்லாத பள்ளியும் விண்ணப்பிக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம். காங்கேயம் அருகே உங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆய்வகமே இல்லாதபோது பள்ளி மாணவர்களின் புதிய அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மாணவர்களை எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். விண்ணப்பிக்கும் கட்டத்தில் மாதிரி எதுவும் தேவையில்லை. மாணவர் தாமே சிந்தித்த புதிய யோசனையைப் பள்ளியின் வழியாக இணையத்தில் பதிந்தால் போதும், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். ஆகவே கணக்கை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் எரிமலை மாதிரிகளை நாடாமல், பிள்ளைகளை உங்கள் பகுதியின் வேலியிட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு அழைத்துச் சென்று, அதைச் சுற்றியுள்ள கிளுவை என்னும் முள்செடி வேலியைப் பராமரிப்பதிலும் கோடையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதிலும் பெற்றோர் படும் சிரமங்களை அவர்களே கேட்டு எழுதும்படி செய்யுங்கள்; நல்ல யோசனைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. வாய்ப்பிருந்தால் கோவை கொடிசியா வர்த்தக வளாகம் அருகிலுள்ள மண்டல அறிவியல் மையத்தையும் ஒருநாள் காட்டி வாருங்கள்.