214 கோடியைத் தாண்டிய ஒரு பகா எண்

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று என் பேரன் சொல்கிறான். கணிப்பொறி இல்லாத காலத்தில் இதை எப்படி உறுதி செய்தார்கள்? கணிப்பொறித் துறையில் இதே எண் அடிக்கடி அடிபடுவது, அது பகா எண் என்பதால்தானா?

பதில்: இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைப்பது இந்த எண். இரண்டின் எந்தெந்த அடுக்குகளிலிருந்து 1ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் 31 என்னும் அடுக்கு இடம்பெற்றிருந்தது. ஆனால் 67, 257 ஆகியவையும் அதில் தவறாகச் சேர்ந்திருந்ததால், அந்தப் பட்டியலைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. இதைக் கணக்கிட்டு உறுதி செய்தவர் கணித மேதை ஆய்லர். பார்வையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட நிலையில், 1772இல், கணிதவியலாளர் மூன்றாம் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதை அறிவித்தார்.

ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களில் எதுவும் அதை மீதியின்றி வகுக்கவில்லை என்றால் அது பகா எண். இங்கே வர்க்கமூலம் 46,341க்குச் சற்றுக் குறைவு. அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்க்க ஆயுள் போதும், பொறுமை போதாது. ஆய்லர் வேலையைச் சுருக்கினார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும், அதை 62ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 1ஐயும், பகு எண்ணான 63ஐயும் நீக்கிவிட்டால், எஞ்சுபவை 372தான். அவற்றிலும் பல பகு எண்களே. முதலில் வரும் 249, 3ஐ 83ஆல் பெருக்கக் கிடைப்பது என்பதால் அதையும் தள்ளிவிடலாம். அடுத்த 311 பகா எண். அதனால் வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. இப்படியே கடைசிவரை போனாலும் மீதியில்லாமல் வகுக்கும் எண் ஒன்றுகூட அகப்படுவதில்லை.

இனி கணிப்பொறி. கணிப்பொறி எண்களை 0, 1 என்ற இலக்கங்களாக, அதாவது பிட்டுகளாக, வைத்திருக்கிறது. 32 பிட்டுகளில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்காக ஒதுக்கி, மற்ற 31 பிட்டுகளிலும் 1ஐ நிரப்பினால் வருவது இதே எண். அவ்வகை முழு எண்களில் இதுவே உச்சம். 1970இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த முறையில் எண்ணிவரும் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடும். இதற்கும் எண்ணின் பகாத்தன்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பகு எண்ணாக இருந்திருந்தாலும் இதே சிக்கல்தான்.

பகாத்தன்மை உண்மையிலேயே கைகொடுப்பது சமவாய்ப்பு எண்களை, அதாவது குலுக்கலில் வருவதுபோல் ஒழுங்கின்றித் தோன்றும் எண்களை, உருவாக்கும்போதுதான். 1க்கும் 2147483646க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஓர் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 16807ஆல் பெருக்கி, இந்த எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால், அந்த எல்லைக்குள் உள்ள எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்த பிறகே தொடங்கிய எண் திரும்ப வரும். வகுக்கும் எண் 15 போன்ற பகு எண்ணானால் இது நடக்காது: 3இல் தொடங்கினால், எதனால் பெருக்கினாலும் 3இன் மடங்குகளை விட்டு வெளியே வரவே முடியாது.