கடலூரில் கல்யாண போட்டோ எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கேனான் 200டி மார்க் 2 கேமரா, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் 1.8 இருக்கிறது. அடுத்து 85 எம்எம் லென்ஸ் வாங்கலாமா, 70-200 ஜூம் வாங்கலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு ஃபிளாஷும், அதைத் தள்ளி வைத்து எரியவைக்கும் ட்ரிகரும் வாங்குங்கள். அடுத்து 17-55 எஃப் 2.8 வகை ஜூம் ஒன்று (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). 85 அதற்கப்புறம். 70-200 தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்தால் போதும்.

லென்ஸ் வாங்கப் போகும்போது எல்லோரும் பின்னணி எவ்வளவு மங்கும் என்றுதான் கேட்கிறார்கள். கல்யாண வேலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நிற்க எத்தனை அடி இடம் கிடைக்கும் என்பது. உங்கள் கேமரா பாடியில் இருப்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய க்ராப் சென்சார், அதன் நீளப் பக்கம் 22.3 எம்எம். அதை வைத்துக் கணக்குப் போடலாம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, பொண்ணு மாப்பிள்ளையைத் தலை முதல் கால் வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 24 எம்எம்மில் 7 அடி தள்ளி நின்றால் போதும். 35இல் 10 அடி, 50இல் 15 அடி, 85இல் 25 அடி வேண்டும். மேடையில் பத்துப் பேர் நிற்கும் குரூப் சுமார் 15 அடி அகலம் வரும். அதற்கு 17 எம்எம்மில் 11 அடி, 24இல் 16 அடி, 50இல் 33 அடி.

இனி நம் ஊர் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேடைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவில் இருக்கும் இடமே கொஞ்சம்தான். அதிலும் வீடியோக்காரரின் டிரைபாட், எல்இடி லைட், செல்போனைத் தூக்கிப் பிடித்த சொந்தக்காரர்கள். 25 அடி பின்னால் போனால் உங்களுக்கும் மேடைக்கும் நடுவில் பத்து முதுகுகள் இருக்கும். கிட் லென்ஸ் இந்தத் தூரங்களைக் கொடுக்கும், ஆனால் 55 பக்கம் போனால் எஃப் 5.6 ஆகிவிடும். 17-55 எஃப் 2.8 அதைவிட இரண்டு ஸ்டாப் கூடுதலாக, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் தரும். ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன், ஏற ஏறப் படம் புள்ளி புள்ளியாகும்) 6400 வேண்டிய இடத்தில் 1600 போதும். இந்த பாடியில் 1600க்கும் 6400க்கும் உள்ள வித்தியாசம் ஆல்பத்தில் முகத்தின் மேலேயே தெரியும்.

கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் வேலை வந்தால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். முகூர்த்த நாளில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் நகர இடமே இருக்காது, பின்னணியில் அடுத்த வீட்டுக் கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கும். 17 முதல் 24 எம்எம்மில் முட்டி போட்டு, மணமக்களின் கண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழிருந்து எடுத்தால் அடுத்த ஜோடி இவர்களின் தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். கையைத் தூக்கி மேலிருந்து எடுத்தால் தரையும், தாம்பாளத் தட்டும், சொந்தக்காரர்களின் தலையுமாக வந்து, அடுத்த ஜோடி ஃபிரேமுக்கு வெளியே போகும். இந்த இடத்தில் எஃப் 1.8 உதவாது, நிற்கும் கோணம்தான் உதவும்.

நேர்மாறான இடமும் நம் பக்கத்தில் உண்டு. புதுச்சேரி ரயில் நிலையம் அருகிலுள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா மாதிரியான பெரிய தேவாலயங்களில் பூசை நேரத்தில் பீடத்தை நெருங்கவோ ஃபிளாஷ் அடிக்கவோ விட மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு போங்கள். நீளமான நடுப்பாதை, தூரத்தில் ஜோடி, கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெளிச்சம். 70-200 எஃப் 2.8 சம்பாதித்துக் கொடுக்கும் இடம் இதுதான். மாதத்தில் பாதி வேலை தேவாலயத்தில் என்றால் நான் சொன்ன வரிசையையே மாற்றலாம். எப்போதோ ஒன்று என்றால் வாடகை. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு எல்லோரும் கேட்பார்கள், தேதி தெரிந்த அன்றே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஃபிளாஷை ஏன் முதலில் வைத்தேன்? மண்டபத்தில் மேலே மஞ்சள் பல்பு, பின்னால் கலர் எல்இடி, பக்கத்தில் வீடியோக்காரரின் வெள்ளை லைட். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இந்தக் கலவையை அப்படியே முகத்தில் காட்டும். ஃபிளாஷை கூரையில் அடித்துத் திருப்பும் பழக்கம் இங்கே அடிக்கடி கைவிடும், ஏனென்றால் கூரை 20 அடிக்கு மேலே இருக்கும், அல்லது ரோஸ் கலர் துணி கட்டியிருப்பார்கள். துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ரோஸாகவே வரும். ஸ்டாண்டில் ஒரு குடையோ சிறிய சாஃப்ட்பாக்ஸோ போட்டு, மேடைக்கு 45 டிகிரி பக்கவாட்டில், தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் வையுங்கள். மேனுவலில் 1/16 பவர், எஃப் 4, ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ 800இல் தொடங்கி, முகத்தைப் பார்த்து பவரை ஏற்றி இறக்குங்கள். 1/100 என்பதற்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டுகள் நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரியும். 1/250இல் எடுத்தால் ஒரு படம் இருட்டு, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது பாதி ஃபிரேமில் பட்டை என்று வரும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். உங்கள் 200டி மார்க் 2இன் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடுப்பின் கிடையாது, கேனான் இந்த மாடலில் எடுத்துவிட்டது. நடுப்பின்னை மட்டும் நம்பும் மலிவான மேனுவல் ஃபிளாஷும் பழைய ட்ரிகரும் இதில் எரியவே எரியாது. கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, அடித்துப் பார்த்துவிட்டு காசைக் கொடுங்கள். சாதாரணமாக ஃபிளாஷ் ஒத்துழைக்கும் அதிகபட்ச ஷட்டர் இதில் 1/200.

தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் தனியாகத் தயாராக வேண்டும். கெட்டிமேளம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து நெருங்குவார்கள், அட்சதை பறக்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் போகஸ்தான். முன்னால் நீளும் மாமாவின் கையையோ விழும் அரிசியையோ கேமரா பிடித்துக்கொள்ளும், பொண்ணின் முகம் மங்கிவிடும். மெனுவில் போகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பின்பக்க ஸ்டார் பட்டனுக்கு மாற்றி வையுங்கள். தாலியைத் தட்டிலிருந்து எடுத்தவுடன் பொண்ணின் கண்ணில் போகஸ் வைத்து, பட்டனை விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஷட்டரை மட்டும் அழுத்தலாம், எது குறுக்கே வந்தாலும் போகஸ் நகராது. எஃப் 4 வைத்தால் முகமும் கையும் முடிச்சும் சேர்ந்து தெளிவாக வரும். ஃபிளாஷ் முழு பவரில் இருந்தால் ஒரு படத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நொடி சார்ஜ் ஆகக் காத்திருக்கும், அந்த நேரத்தில் முதல் முடிச்சே போய்விடும். 1/16இல் இருந்தால் தொடர்ந்து அடிக்கும். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் பின்னாலிருந்து போடுவார். இந்த வீட்டில் எப்படி என்று ஐயரிடமோ பெரியவர்களிடமோ முன்கூட்டியே கேட்டு, நாத்தனார் எந்தப் பக்கம் வருவாரோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.

ஓமப் புகை வந்தால் தூரத்திலிருந்து ஜூம் செய்யாதீர்கள். லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு புகை இருக்கிறதோ அவ்வளவு வெளுப்பு. 24இல் நெருங்கிப் போனால் படம் தெளியும். குத்துவிளக்கு ஃபிரேமில் இருந்தால் மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சுடரின் பிரதிபலிப்பு எதிர் மூலையில் பச்சையாகத் தெரியும்.

இனி போர்ட்ரெய்ட். உங்கள் 50 இந்த பாடியில் ஃபுல் ஃபிரேமின் 80 எம்எம் போலவே கோணம் தரும். தலையும் தோளும் எடுக்க நாலரை அடி தள்ளி நிற்பீர்கள். முகம் உப்பித் தெரிவதும் மூக்கு பெரிதாவதும் தூரத்தைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்தது இல்லை. நாலு அடிக்கு உள்ளே போகாதவரை 50 நல்ல முகத்தையே தரும். எஃப் 1.8இல் அந்தத் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் 5 சென்டிமீட்டர்தான். கண்ணில் போகஸ் இருந்தால் காதுத் தோடு மங்கும். நகை தெரிய வேண்டிய மணப்பெண் படத்துக்கு எஃப் 2.8 முதல் 4. வியூஃபைண்டரில் 9 போகஸ் புள்ளிகள்தான், அதில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. நின்று நிதானமாக எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு லைவ் வியூ (பின்திரையில் பார்த்து எடுப்பது) போட்டு கண் போகஸைப் பயன்படுத்துங்கள். பேட்டரி வேகமாகக் குறையும், கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

85 எஃப் 1.8 வாங்கும் நேரம் அவுட்டோர் வேலை தனியாக வரத் தொடங்கும்போது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் 25 அடி தாராளமாகக் கிடைக்கும். அந்த லென்ஸில் முழுதாகத் திறந்து எடுத்தால் மூக்குத்தி, வைரத்தோடு ஓரங்களில் ஊதா கோடு வரும். எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடும். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஜோடியின் முதுகில் இருக்கும், முகத்துக்கு ஃபிளாஷோ வெள்ளை ரிஃப்ளெக்டரோ வேண்டும். மாலையில் சூரியன் ஊர்ப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். அப்போது கடலை முதுகுக்கு வைத்தால் முகத்தில் மென்மையான நிழல் வெளிச்சம் கிடைக்கும். ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆள் இல்லாத நாளில் மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர் பின்னால் இருந்தால் அழகு, எதிரில் இருந்தால் தொல்லை. வெயில் பட்ட மஞ்சள் சுவரைப் பார்த்து ஜோடியை நிறுத்தினால் தோலும் மாப்பிள்ளையின் வேட்டியும் மஞ்சளாகும், அதை எடிட்டிங்கில் எடுக்கப்போனால் பட்டுப்புடவையின் நிறமும் சேர்ந்து கெடும். சுவரிலிருந்து நாலைந்து அடி முன்னால் நிறுத்தி, திறந்த வானம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புங்கள். முதல் படத்தில் கையில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) பிடிக்கச் சொன்னால் பிறகு நிறம் சரிசெய்வது நொடியில் முடியும்.

வெள்ளை வேட்டி ஃபிரேமில் நிறைந்தால் ஆட்டோ மோடில் முகம் இருட்டும். அரக்குப் பட்டும் கருத்த பின்னணியும் நிறைந்தால் வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்துவிடும். அதனால் மேடையில் எம் (மேனுவல்) மோடு, பிறகு திருத்த அதிக இடம் தரும் ரா ஃபைல். வேட்டியின் மடிப்பு தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வைத்து, முகத்தை ஃபிளாஷால் தூக்குங்கள். சிவப்புப் பட்டுக்கு ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் சரிகையும் நெசவும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்பார்கள். தோலை வெளுப்பாக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மாநிறமும் கறுப்பும் வெளுத்தால் சாம்பல் பூத்துப் போகும், உயிர் போய்விடும். பக்கவாட்டில் பெரிய, மென்மையான வெளிச்சம் வைத்தால் அதே தோல் தானாகப் பளபளக்கும். அந்தப் படத்தைக் காட்டினால் கேட்டவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

வளர்வதற்கு இன்னொரு வழி, ட்ரெடிஷனல் போட்டோ எடுக்கும் சீனியர் ஒருவருக்கு இரண்டாவது ஆளாகப் போவது. கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான படங்கள்) கற்றுக்கொள்ள வீடியோக்கள் நிறைய உண்டு. எந்தச் சடங்கு எப்போது, எந்தப் பாட்டியை விட்டுவிட்டால் வீட்டில் சண்டை வரும் என்பதெல்லாம் மேடைப் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த நேரத்தில் இதுவரை எடுத்த படங்களை லைட்ரூம் மென்பொருளில் போட்டு, ஆல்பத்துக்குத் தேர்வானவற்றை மட்டும் ஃபோக்கல் லெங்த் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 18க்கும் 24க்கும் நடுவில் குவிந்திருந்தால் 17-55 சரிதான். 55இல் முட்டிக்கொண்டு நின்றால் 85க்கு நேரம் வந்துவிட்டது. இந்த பாடியில் ஒரே கார்டு ஸ்லாட் என்பதால் ஒரு பெரிய கார்டில் முழுக் கல்யாணத்தையும் வைக்காதீர்கள். 32 ஜிபி கார்டுகளாக வைத்து, ரிசப்ஷன் முடிந்ததும் ஒன்று, முகூர்த்தத்துக்கு முன் புதிது என்று மாற்றுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு டிஸ்க்கில் காப்பி.

17-55ஐப் பழையதாக வாங்கலாம். முன், பின் மூடிகளைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சில தூசிகள் பரவாயில்லை, இந்த லென்ஸில் அது சகஜம். நூல் மாதிரி கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை, வேண்டாம். உங்கள் பாடியில் போகஸைத் திருத்தும் வசதி கிடையாது. ஒரு நாளிதழைச் சாய்த்து வைத்து, ஒரே வரியை எஃப் 2.8இல் வியூஃபைண்டரிலும் லைவ் வியூவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் கூர்மையாகவும் வியூஃபைண்டரில் மங்கலாகவும் வந்தால் அந்த லென்ஸ் உங்கள் பாடிக்குப் பொருந்தாது. இன்னொன்று, இது இஎஃப்-எஸ் லென்ஸ், அதாவது க்ராப் சென்சாருக்கென்றே செய்தது. பின்னாளில் கேனான் ஆர் வரிசை ஃபுல் ஃபிரேம் வாங்கினால் அடாப்டரில் மாட்டலாம், ஆனால் க்ராப் ஆகி பிக்சல் எண்ணிக்கை பாதியைவிடக் குறைந்துவிடும். 85 எஃப் 1.8 ஃபுல் ஃபிரேமுக்கான இஎஃப் வகை என்பதால் முழுதாக வேலை செய்யும். இரண்டு வருடத்துக்குள் ஃபுல் ஃபிரேம் போவது உறுதி என்றால் 17-55ஐப் புதிதாக வாங்காதீர்கள்.

கடலூர், புதுச்சேரிக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், பையிலேயே லென்ஸை வைத்திருந்தால் பூஞ்சை வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடற்கரை வேலை முடிந்த அன்றே லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் உடம்பையும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே டப்பாவில் வையுங்கள். முகூர்த்தத்தன்று ஏசி போட்ட மணமகள் அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் பனித்துவிடும், தெளியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அறையில் 50ஐ மாட்டி எடுங்கள், மேடைக்கு வேண்டிய ஜூமை வெளியே பையிலேயே விட்டுவையுங்கள். பாடியையும் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னதாகவே அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.