வேப்பிலை யார் வாசலில்?

அன்புள்ள அக்கா,

நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பட்டர்வொர்த். வரும் விடுமுறையில் பினாங்கு தெலுக் பஹாங்கில் நோயுற்ற பிள்ளைகளுக்கான நான்கு நாள் முகாமில் பெசிலிடேட்டராக வரச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தப் புற்றுநோய், தாலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகள். நீங்களும் இப்படியொரு முகாமுக்குப் போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். "ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்துடும், போகாதே" என்கிறார் அம்மா. எனக்கு அந்தப் பயம் இல்லை. பிள்ளைகள் முன்னால் அழுதுவிடுவேனோ என்றுதான் பயம். அவர்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது?

க., செராஸ்

அன்புள்ள க.,

முதலில் அம்மாவுக்குப் பதில். இரத்தப் புற்றுநோய் தொற்றாது. தாலசீமியா தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணு வழியாக வருவது, பக்கத்தில் படுத்தால் வராது. ஆனாலும் அம்மா முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. திசையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவோம் அல்லவா? இந்த முகாமில் அதை உங்கள் முதுகில் செருக வேண்டும். கீமோ என்கிற புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு, கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நமக்கு நாலு தும்மலோடு போகிற சளி அவனை வார்டில் படுக்க வைத்துவிடும். சின்னம்மை இன்னும் மோசம், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். உங்களுக்கு அது வந்து போயிருக்கிறதா, தடுப்பூசி போட்டாரா என்று அம்மாவிடமே கேளுங்கள். கிளம்பும் நாளில் தொண்டை கரகரத்தால் வீட்டிலேயே இருங்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பனடோலைத் தேடாதீர்கள். மிஸ்ஸியை, அதாவது நர்ஸைக் கூப்பிடுங்கள். 38 டிகிரி என்பது அவர்களுக்கு அவசரம், மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைப்பது ஆபத்து.

அழுகை வந்தால் பாத்ரூம் இருக்கிறது. நேரம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஆறுதலா? அதற்கு ஆள் ஏற்கெனவே ஏராளம். சித்தி, மாமி, பக்கத்து வீட்டு ஆண்ட்டி, தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்ட பெரியம்மா. நான்கு நாள் அதையெல்லாம் கேட்காமல் இருக்கலாம் என்றுதான் பிள்ளைகள் வருகிறார்கள்.

எனக்கும் இது முதலில் தெரியாது. போன இடத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் காலையில் மீகூன் பிரட்டல் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு நான்காவது கேட்டான். "போதும்யா, வயிறு என்னத்துக்காகும்" என்றேன். தட்டை வீசிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். அப்புறம் மிஸ்ஸி வந்து சொன்னார்: மாதத்தில் ஐந்து நாள் அவனுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. அந்தப் பசியும் மருந்துடையது, அந்த எரிச்சலும் மருந்துடையது. நானும் மேசைக்கு அடியில் போய் மன்னிப்புக் கேட்டேன். "வியாழக்கிழமையோட மாத்திரை முடிஞ்சிடும் அக்கா. அப்புறம் நான் நல்ல பையன்தான்" என்றான், எனக்கு ஆறுதலாக.

இரவு தங்குமிடம் வேறு உலகம். தாலசீமியா கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்புச்சத்து சேர்ந்து இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்ற இப்போது மாத்திரை இருக்கிறது. சிலருக்கு இன்னும் ஊசிதான்: தோலுக்கு அடியில் குத்தி, சின்ன பம்ப்போடு இணைத்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் மெல்ல ஏற்றுவது. வாரத்தில் பெரும்பாலான இரவுகள் இப்படி. இதை வைத்துக்கொண்டு எந்தத் தோழி வீட்டில் போய்ப் படுப்பது? முகாமில் பெண் பிள்ளைகள் பம்ப் வைக்கும் துணிப்பையில் யாருடையது அழகு என்று சண்டை போட்டார்கள். யாரும் யாரையும் "இது என்ன" என்று கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

இந்த மாதிரி முகாம்களில் பெயர்பெற்றது 1988-ல் நடிகர் பால் நியூமன் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கியது. பழைய கௌபாய் ஊர் மாதிரியே கட்டினார்கள், மருத்துவ அறையும் அந்த ஊரில் ஒரு கட்டடம். அவர்களுக்கு அது கோடை முகாம். நமக்கு ஏது கோடை, வருஷம் பூராவும் வெயில்! தெலுக் பஹாங்கில் கௌபாய் ஊர் இருக்காது, பரவாயில்லை. இரவில் மருத்துவர் யார், மிஸ்ஸி யார், எந்த அறையில் இருப்பார்கள் என்று மட்டும் ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போக வேண்டாம்.

போவதற்குள் கேரம் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ஒரு இடி பட்டாலே உள்ளே இரத்தம் கசியும், பந்து விளையாட்டு எல்லாருக்கும் ஆகாது. அதனால் சாயங்காலம் எல்லாரும் கேரம் பலகையைச் சுற்றித்தான். நான் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் வார்டில் கேரம் ஆடிய கைகள் அவை. விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு காய்கூட மிஞ்சவில்லை.