கார்டு பர்ஸில், பணம் குருகிராமில்!

கேள்வி: நைட் ஷிஃப்ட்ல இருக்கறப்ப, குருகிராம் ஏடிஎம்ல 20,000 ரூபாய் எடுத்ததா மெசேஜ் வந்துச்சுங்க. கார்டு என் பர்ஸ்லயேதான் இருக்குது. யாருக்கும் ஓடிபி, பின் நம்பர் சொல்லல. ஸ்டேஷன்ல "சம்பவம் நடந்த ஊர்ல போய்க் குடுங்க"ங்கறாங்க. அவ்வளவு தூரம் போகோணுமுங்களா?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

பதில்: போக வேண்டாம். குற்றச் செயல் நடந்த இடம், அதன் விளைவு ஏற்பட்ட இடம் இரண்டிலுமே விசாரிக்கலாம் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு. பணம் குறைந்தது உங்கள் திருப்பூர்க் கணக்கில். ஸ்டேஷன் எல்லை சந்தேகமாக இருந்தாலும் அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி 'ஜீரோ எஃப்ஐஆர்' (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் எஃப்ஐஆர்) போட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களேதான் அனுப்ப வேண்டும். அப்படியும் வாங்காவிட்டால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ புகாரை எழுத்தில் அனுப்புங்கள். அடுத்த படி மாஜிஸ்திரேட்.

ஆனால் எஃப்ஐஆருக்காக வங்கி வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கார்டை பிளாக் செய்து, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசி, வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் இல்லை என்றால், மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் அல்லது போன தொகை, எது குறைவோ அதுவரை உங்கள் தலையில். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படிதான். புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். உங்கள் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே.

பழைய கார்டை ஆத்திரத்தில் வெட்டிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. அன்றைய ஷிஃப்ட் வருகைப் பதிவின் நகலையும் வாங்கி வையுங்கள். பரிவர்த்தனைப் பதிவில் கார்டை இயந்திரம் எப்படிப் படித்தது என்பதற்கு ஒரு குறியீடு இருக்கும்: 05-இல் தொடங்கினால் சிப், 90-இல் தொடங்கினால் காந்தப்பட்டை. சிப் கார்டுக்கு 90 விழுந்திருந்தால், பட்டையை நகலெடுத்த போலிக் கார்டு என்ற சந்தேகம் வலுக்கும். ஏடிஎம் கேமரா பதிவு கொஞ்ச நாளில் அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி முதல் நாளே வங்கிக்கு எழுதுங்கள், விசாரணை அதிகாரியிடமும் சொல்லுங்கள். பதிவு கையில் இருந்தும் வழக்கு கோர்ட்டில் தடுமாறுவது பெரும்பாலும் சான்றிதழ் இல்லாததால்தான். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ், அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு), இரண்டும் இல்லாத பென்டிரைவ் வெறும் பென்டிரைவ்தான்.

கேள்வி: என் கிரெடிட் கார்டில் ஏதோ வெளிநாட்டு இணையதளத்தில் டாலரில் வாங்கியிருக்கிறார்கள். ஓடிபியே வரவில்லை. அந்த ஆளை இங்கே தண்டிக்க முடியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: சட்டத்தில் முடியும். இந்தியாவில் உள்ள கணினியோ நெட்வொர்க்கோ சம்பந்தப்பட்டிருந்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்த குற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பொருந்தும். அடையாளத் திருட்டுக்கு 66சி-யில் 3 ஆண்டு வரை சிறை. நடைமுறை வேறு. அந்த நாட்டுச் சாட்சியத்துக்கு இங்குள்ள கோர்ட் மூலம் கோரிக்கைக் கடிதம் போக வேண்டும். பதில் வர மாதங்கள், சில சமயம் வருடங்கள். சில ஆயிரம் ரூபாய் வழக்குக்கு அவ்வளவு தூரம் யாரும் மெனக்கெடுவதில்லை என்பதே உண்மை.

பணத்துக்கு வழி 'சார்ஜ்பேக்', அதாவது கார்டு வங்கி மூலம் வியாபாரியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதில்லை. கேட்காமல் விற்றால் நஷ்டம் பெரும்பாலும் அந்த வியாபாரிக்கே. ஸ்டேட்மென்ட் வந்ததும் கார்டு வங்கியின் தகராறுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், காலக்கெடு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் இன்றே அணைத்து வையுங்கள்.

கேள்வி: மஞ்சள் வாங்கினவர் அனுப்பின பணம் மோசடிப் பணமாம். வெளிமாநிலப் போலீஸ் சொல்லி என் கணக்கையே முடக்கிவிட்டார்கள்!
– மண்டி வியாபாரி, ஈரோடு

பதில்: புகார் எண், அந்த ஸ்டேஷன் பெயர், அதிகாரியின் மின்னஞ்சல் மூன்றையும் வங்கியில் எழுதி வாங்குங்கள். பில், எடைச்சீட்டு, லாரி ரசீது வைத்து அந்த அதிகாரிக்கு அனுப்பி, தகராறான தொகையை மட்டும் நிறுத்திவைக்கக் கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்கிய வழக்குகளில் சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் இப்படித்தான் உத்தரவிட்டிருக்கின்றன. பதிலே வராவிட்டால் வக்கீலைப் பார்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.