பிடித்த உயிரினங்களை ஆட்டக்காரர்கள் பயன்படுத்தாதது குறித்து

வணக்கம். உங்கள் வீடியோ ஆட்டத்தில் 40 உயிரினங்களைப் பிடிக்க வழி இருந்தும், சோதித்துப் பார்த்தவர்கள் நாயகனின் வாளை மட்டுமே நம்பிச் சண்டையிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் நினைப்பதுபோல் உயிரினங்களின் வலிமை குறைவாக இருப்பது காரணமன்று. வாளும் அவையும் ஒரே வேலையைச் செய்வதுதான் சிக்கல். பொத்தானை அழுத்திய கணமே வாள் வெட்டிவிட, உயிரினமோ கட்டளையைப் பெற்று, எதிரியை நெருங்கி, அதன் பிறகே தாக்குகிறது என்றால், அவசரத்தில் எவரும் வாளைத்தான் நாடுவார்கள். ஆகவே எதிரியின் கவசத்தை உடைக்கும் பொறுப்பை உயிரினங்களுக்கே விட்டுவிட்டு, உடைந்தபின் கிடைக்கும் சில நொடிகளை மட்டும் வாளுக்கு ஒதுக்கிப் பாருங்கள்.

2025இல் வெளிவந்த 'போகிமான் லெஜண்ட்ஸ்: இசட்-ஏ' என்ற ஆட்டம் மாறி மாறித் தாக்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு தாக்குதலையும் மீண்டும் பயன்படுத்துவதற்கு ஒரு காத்திருப்பு நேரத்தை வைத்தது. அத்தகைய காத்திருப்பு உங்கள் ஆட்டத்திலும் இருந்தால், அந்த இடைவெளியில் வேறோர் உயிரினத்தை அழைக்க ஆட்டக்காரருக்குக் காரணம் கிடைக்கும். ஆனால், அப்படி உயிரினத்தை மாற்றுவது ஒரே பொத்தானில் முடிய வேண்டும். பட்டியலைத் திறந்து தேட வைத்தால் சண்டையின் வேகம் அங்கேயே செத்துவிடும். (40ஐப் 12ஆகக் குறைத்தாலும் நான் வருந்தமாட்டேன்.)

உயிரினங்களுக்குத் தனி உயிர்ப்புள்ளிகள் (அடிபடும்போது குறையும் உயிரின் அளவு) தேவையா என்ற கேள்வியை இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.