இராணுவ வீரர்களுக்கு வலுவூட்டும் இயந்திர உடை ஏன் இன்னும் களத்துக்கு வரவில்லை?

முயற்சிக்குக் குறைவில்லை. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்காக 'ஹார்டிமேன்' என்ற இயந்திரக்கூட்டை உருவாக்க முனைந்தது. அதன் எடையே ஏறத்தாழ 680 கிலோ! முழுவதையும் இயக்கியபோது கட்டுப்பாடின்றி உதறியது. உருப்படியாக வேலை செய்தது ஒரு கை மட்டுமே. அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2013இல் அறிவித்த 'டாலோஸ்' கவச உடையும் 2019இல் கைவிடப்பட்டது.

பெரிய முட்டுக்கட்டை மின்கலம். தகடு, மோட்டார் என்று எடை ஏற ஏற, அந்த எடையைத் தூக்கவே இன்னும் மின்சாரம் வேண்டும். நடுக்காட்டில் சார்ஜ் தீர்ந்தால் உடையையும் சேர்த்து வீரன்தான் சுமக்க வேண்டும். அடுத்தது நடை. மூட்டு அசைவுக்கும் மோட்டாருக்கும் இடையே சிறு தாமதம் இருந்தாலும் தசைகள் உடையோடு மல்லுக்கட்டும். தோளில் பாரம் குறைந்தும் களைப்பு கூடலாம்.

எனக்கு நம்பிக்கை தருவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவின் 'வாரியர் வெப்' திட்டம். அதன் நிதியுதவியில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் துணிப்பட்டைகளாலும் கம்பிவடங்களாலும் மென்மையான உடை செய்தார்கள். கால் எடுத்து வைக்கும் சரியான கணத்தில் அது இடுப்பையும் கணுக்காலையும் லேசாக இழுத்துவிடும், அவ்வளவுதான். சுமையுடன் நடப்பவர் செலவிடும் ஆற்றல் குறைந்ததை அளந்தும் காட்டினார்கள். அதே நுட்பம் பின்னர் பக்கவாதம் வந்தவர்களின் நடைப்பயிற்சிக்கும் போய்ச் சேர்ந்தது.